பழைய வார் ஃபைல் புது சர்வர்ல ஏற மாட்டேங்குதா? அறிகுறியை வெச்சு காரணத்தைப் பிடிக்கலாம்

வார் ஃபைலா (முழு அப்ளிகேஷனையும் ஒரே ஃபைலா கட்டினது) இருக்கற பழைய ஜாவா வெப் அப்ளிகேஷன் ஒன்னு பத்து வருஷத்துக்கு மேல ஒரே சர்வர்ல ஓடிட்டு இருந்திருக்கும், இப்ப அந்த சர்வருக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, செக்யூரிட்டி டீம் நெருக்குது, புது டாம்கேட்லயோ வைல்ட்ஃப்ளைலயோ வெப்லாஜிக்லயோ ஏத்தியாகணும், சோர்ஸ் பாதிதான் கைல இருக்கு, எழுதினவங்க யாரும் இப்ப டீம்ல இல்ல. இந்த நிலைமைல இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு என்ன எர்ரர் வருதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

ஒன்னு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. பெரும்பாலும் அப்ளிகேஷன் கோடு கெட்டுப்போயிருக்காது. அது எதையோ நம்பி எழுதப்பட்டிருக்கும், ஜேடிகேக்குள்ள (ஜாவா டெவலப்மெண்ட் கிட்) இருந்த ஒரு கிளாஸ், சர்வர் தானா குடுத்துட்டு இருந்த ஒரு ஜார் (லைப்ரரி ஃபைல்), யாரும் கண்டுக்காத ஒரு டீஃபால்ட் செட்டிங், அது புது இடத்துல இருக்காது. அதனால கோடைத் திருத்த உக்கார்றதுக்கு முன்னாடி, பழைய இடத்துல இருந்து இங்க இல்லாமப் போனது எதுன்னு தேடுங்க.

இதுக்கு பழைய சர்வர் உயிரோட இருக்கும்போதே மூணு விஷயத்தை எடுத்து வெச்சுடுங்க: ஜாவா வெர்ஷன், ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்ல இருக்கற ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டற ப்ரோகிராம்) ஆப்ஷன் எல்லாம், சர்வரோட லிப் ஃபோல்டர்ல இருக்கற ஜார்களோட முழு லிஸ்ட். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, அதுலதான் பாதிப் பிரச்சனைக்கு விடை இருக்கு, ஏன்னா எப்பவோ யாரோ ஒருத்தர் வாருக்குள்ள வைக்காம சர்வர் லிப்ல நேரா ஒரு ஜாரைப் போட்டிருப்பாங்க, அது எங்கயும் எழுதி வெச்சிருக்காது.

லாக்ல உருப்படியா ஒன்னுமே இல்ல, டிப்ளாய் மட்டும் ஃபெயில் ஆகுது

டாம்கேட்ல இது ரொம்ப சகஜம். "ஒன்னோ அதுக்கு மேலயோ லிஸனர் ஸ்டார்ட் ஆகல, முழு விவரம் கன்டெய்னர் லாக்ல இருக்கும்"னு ஒரே ஒரு வரி வரும், டாம்கேட்டோட முக்கிய லாக்கான கேட்டலினா லாக்கை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த முழு விவரம் கிடைக்காது. அது லோக்கல்ஹோஸ்ட்னு தொடங்கி தேதியோட முடியற இன்னொரு ஃபைல்ல இருக்கு, அதே லாக்ஸ் ஃபோல்டர்லதான். அதைத் திறங்க. வைல்ட்ஃப்ளைல டிப்ளாய்மெண்ட்ஸ் ஃபோல்டரைப் பாருங்க, வார் பேருக்குப் பின்னாடி ஃபெயில்ட்னு ஒரு ஃபைல் உருவாகியிருக்கும், அதுக்குள்ளயே காரணம் எழுதியிருக்கும்.

ஸ்டாக் ட்ரேஸ் கிடைச்சதும் மேல இருந்து படிக்காதீங்க. கீழ போய் கடைசியா வர்ற "காஸ்ட் பை" (இதனால வந்ததுன்னு சொல்ற) வரியைப் பிடிங்க. மேல இருக்கறது எல்லாம் அந்த ஒரு காரணத்தை ஒன்னுமேல ஒன்னா சுத்தி வெச்ச உறைதான். ஸ்பிரிங் பீன் உருவாக்க முடியலன்னு முப்பது வரி வரும், நிஜ காரணம் அடில ஒரே வரில ஒரு கிளாஸ் பேரா இருக்கும்.

ஜேவிஎம்மே எழுந்திருக்க மாட்டேங்குது

"அன்ரெகக்னைஸ்ட் விஎம் ஆப்ஷன்"னு சொல்லிட்டு ப்ராசஸ் செத்துப்போச்சுன்னா அப்ளிகேஷன் பக்கமே போகாதீங்க, பழைய ஸ்கிரிப்டை அப்படியே காப்பி பண்ணியிருக்கீங்க. மேக்ஸ்பெர்ம்சைஸ் ஜாவா 8-லயே அர்த்தமில்லாமப் போச்சு, ஆனா அப்ப வெறும் வார்னிங் மட்டும் குடுத்துட்டு ஓடிச்சு, 17-ல ஜேவிஎம் ஸ்டார்ட்டே ஆகாது. பிரிண்ட்ஜிசிடேட்ஸ்டாம்ப்ஸ் மாதிரி பழைய ஜிசி (மெமரியைச் சுத்தம் பண்ற கார்பேஜ் கலெக்டர்) லாக் ஆப்ஷன்கள் ஜாவா 9-லயே போயாச்சு, சிஎம்எஸ் கலெக்டரை 14-ல எடுத்துட்டாங்க. மெமரி சைஸ் ஆப்ஷன் ரெண்டை (எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ்) மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, அப்புறம் ஒவ்வொன்னா தேவைன்னா சேத்துக்கலாம்.

அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எர்ரர்

கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 55, இங்க 52 வரைக்கும்தான் தெரியும்னு வரும். அந்த நம்பர்ல இருந்து 44-ஐக் கழிச்சா ஜாவா வெர்ஷன் வந்துடும், 52 ஜாவா 8, 55 ஜாவா 11, 61 ஜாவா 17. இது பழைய கிளாஸ் புது ஜாவால ஓடறப்ப வர்ற எர்ரர் இல்ல, புது கிளாஸ் பழைய ஜாவால ஓடறப்ப வர்றது. அதனால பழைய அப்ளிகேஷன்ல இது வந்தா யாரோ ஒரு லைப்ரரியை மட்டும் புதுசா மாத்தியிருக்காங்க, இல்லன்னா சர்வரே நீங்க குடுத்த ஜாவாவை விடப் புதுசு. டாம்கேட் 9-க்கு ஜாவா 8 போதும், 10.1-க்கு 11 வேணும், 11-க்கு 17 வேணும். ஒரே மெஷின்ல நாலு ஜாவா இருக்கும், நீங்க டெர்மினல்ல பாக்கற வெர்ஷனும் சர்வீஸா ஓடற சர்வர் எடுத்துக்கற வெர்ஷனும் வேற வேறயா இருக்கும், லாக்ல சர்வர் தன் வாயாலயே சொல்ற ஜாவா ஹோமை மட்டும் நம்புங்க.

ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் காணோம், இல்லன்னா எல்லா பேஜும் 404

இப்ப அதிகம் பேர் மாட்டறது இதுலதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆரக்கிள் 2017-ல ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் குடுத்தாங்க, ஆனா ஜாவாஎக்ஸ்ங்கற பேக்கேஜ் பேரை மாத்தி மாத்தி வளர்க்கற உரிமை அதோட சேர்ந்து வரல. அதனால 2020 டிசம்பர்ல வந்த ஜகார்த்தா இஇ 9-ல எல்லா பேக்கேஜும் ஜகார்த்தான்னு ஆரம்பிக்கற மாதிரி மாறிடுச்சு. வேலை செய்யற விதம் அப்படியேதான் இருக்கு, பேரு மட்டும் வேற, ஆனா ஜாவாவுக்கு பேரு மாறினா அது வேற கிளாஸ்தான்.

எல்லைக்கோடு எங்கன்னு தெரிஞ்சுக்கங்க. டாம்கேட் 9 பழைய பேரு, 10 புதுப் பேரு. வைல்ட்ஃப்ளை 26 பழசு, 27-ல இருந்து புதுசு. ஜேபாஸ் இஏபி 7 பழசு, 8 புதுசு. கிளாஸ்ஃபிஷ் 5 பழசு, 6 புதுசு. ஸ்பிரிங் 5 பழசு, 6 புதுசு, அதுவும் ஜாவா 17 இல்லாம ஓடாது.

பழைய வாரை டாம்கேட் 10-ல போட்டா மூணு விதமா உடையும். சர்வ்லெட்டை வெப் டாட் எக்ஸ்எம்எல்ல எழுதியிருந்தா கிளாஸ் காணோம்னு நேரா சொல்லிடும். வாருக்குள்ளயே பழைய சர்வ்லெட் ஏபிஐ ஜார் இருந்தா கிளாஸ் கிடைச்சுடும், ஆனா இது ஜகார்த்தா சர்வ்லெட் இல்லன்னு காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். மூணாவதுதான் ஆளைக் குழப்பறது: எல்லாம் அன்னோட்டேஷன்ல (கோடுக்குள்ளயே வைக்கற குறிப்பு) எழுதியிருந்தா சர்வர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, டிப்ளாய் ஓகேன்னு லாக் சொல்லும், எர்ரர் ஒன்னும் இருக்காது, எந்த யூஆர்எல் அடிச்சாலும் 404.

என் கருத்து, அவசரம்னா டாம்கேட் 9-க்கே போங்க, முதல்ல சர்வர் மாத்தற வேலையை முடிங்க, பேரு மாத்தற வேலையைத் தனியா எடுத்துக்கங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சா எது உடைச்சதுன்னு தெரியாமலே போயிடும். டாம்கேட் 10 கட்டாயம்னா வாரை வழக்கமான வெப்ஆப்ஸ் ஃபோல்டர்ல போடாம வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ-ன்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதுல போடுங்க, டாம்கேட்டே பேரை மாத்தி வெப்ஆப்ஸ்ல வெச்சுடும். வாருக்குள்ள இருக்கற ஜார்களையும் சேத்து மாத்திடும், அதனால சோர்ஸ் இல்லாத லைப்ரரிக்கும் இது உதவும். கைல செய்யறவங்க ஒன்னு கவனிங்க, எடிட்டர்ல ஜாவாஎக்ஸ் எல்லாத்தையும் தேடி ஒரேயடியா மாத்திடாதீங்க. ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், நேமிங், கிரிப்டோ, நெட் இதெல்லாம் ஜேடிகேயோட சொந்தச் சரக்கு, பேரு மாறவே இல்ல, மாத்தினா கம்பைல் ஆகாது.

ஜாக்ஸ்பி கிளாஸ் இல்ல, பேஸ்64 என்கோடர் இல்ல

ஜாவா 8-ல இருந்து நேரா 11-க்குத் தாவினவங்களுக்கு இது நிச்சயம். எக்ஸ்எம்எல் பைண்டிங் (இதுதான் ஜாக்ஸ்பி), ஆக்டிவேஷன், எக்ஸ்எம்எல் வெப் சர்வீஸ், கோர்பா எல்லாத்தையும் 11-ல ஜேடிகேல இருந்து எடுத்துட்டாங்க. வைல்ட்ஃப்ளை மாதிரி முழு சர்வர்ல ஜாக்ஸ்பி சர்வரே குடுக்கும், டாம்கேட்ல நீங்கதான் வாருக்குள்ள வைக்கணும். வைக்கும்போது 2.3 வரிசையை எடுங்க, ஏபிஐ ஜாரும் ரன்டைம் ஜாரும் ரெண்டும் வேணும், 3-ல இருந்து ஜகார்த்தா பேருக்குப் போயிடும். சன் டாட் மிஸ்க்ல இருந்த பேஸ்64 என்கோடர் ஜாவா 9-ல போச்சு, அதுக்கு பதிலா ஜாவா யூட்டில்ல இருக்கற பேஸ்64. வாரைத் திறந்து ஒவ்வொரு ஜாரா பாக்க வேண்டாம், ஜேடிகே கூடவே வர்ற ஜேடெப்ஸ்னு ஒரு டூல் இருக்கு, இன்டர்னல்ஸ் ஆப்ஷன் குடுத்து ஓட்டினா எந்தக் கிளாஸ் எதைத் தொடுதுன்னு லிஸ்ட் போட்டுடும். டிப்ளாய் பண்றதுக்கு முன்னாடியே இதை ஓட்டிடுங்க.

இன்அக்ஸஸிபிள் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்

ஜாவா 16, 17-ல ஜேடிகேயோட உள்பகுதியை ரிஃப்ளெக்ஷன்ல (ஓடும்போதே கிளாஸோட உள்ள எட்டிப் பாக்கற வசதி) தொட விடறதில்ல. பழைய ஹைபர்னேட், பழைய சிஜிலிப் மாதிரி லைப்ரரி எல்லாம் தொடும். மெசேஜ்லயே எந்த மாட்யூல் எந்தப் பேக்கேஜைத் திறக்கலன்னு இருக்கும், அதை ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷன்ல அப்படியே எழுதி அன்னேம்ட் மாட்யூலுக்குத் (மாட்யூல் பேர் இல்லாத பழைய கோடு) திறந்து விடுங்க. இது தற்காலிக மருந்துதான், ஸ்கிரிப்ட்ல பக்கத்துலயே எந்த லைப்ரரிக்காகன்னு ஒரு கமெண்ட் போட்டு வைங்க.

ஜேடிகே 1.5-க்கு மேல வேணும்னு புது ஜாவால சொல்லுது

படிச்சா நம்பவே முடியாது, ஓடறது ஜாவா 8, ஆனா "காம்பொனென்ட் ஸ்கேன் எலிமெண்ட் ஜேடிகே 1.5-லயும் அதுக்கு மேலயும்தான் கிடைக்கும்"னு ஸ்பிரிங் சொல்லும். காரணம் ஸ்பிரிங் 2.5. அதுல ஜாவா வெர்ஷனைக் கண்டுபிடிக்கற கிளாஸுக்கு 1.7 வரைக்கும்தான் தெரியும், அதுக்குத் தெரியாத வெர்ஷன் வந்தா ரொம்பப் பழசுன்னு முடிவு பண்ணிடும். கான்ஃபிக் ஃபைலைத் தோண்ட வேண்டாம், ரெண்டே வழிதான், ஸ்பிரிங்கை ஏத்துங்க இல்லன்னா ஜாவாவை 7-ல நிறுத்துங்க. ஏத்தறதுதான் நல்லது, 3.2-ஓட கடைசி வெர்ஷன்களுக்குப் போறது அவ்வளவு கஷ்டம் இல்ல.

ஒரே கிளாஸை அதே கிளாஸா மாத்த முடியலங்குது, இல்ல நோ சச் மெத்தட் எர்ரர்

அதே பேர்ல ரெண்டு கிளாஸ் ரெண்டு இடத்துல இருந்து லோடு ஆகியிருக்கு. ஒன்னு வாருக்குள்ள, இன்னொன்னு சர்வருக்குள்ள. நோ சச் மெத்தட்னா ஜார் ரெண்டு வெர்ஷன்ல இருக்கு, தப்பான வெர்ஷன் முந்திக்கிச்சு. இங்க ஊகம் பண்ணாதீங்க, எந்த ஜார்ல இருந்து வந்துச்சுன்னு ஜேவிஎம்மையே கேளுங்க: வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷன் போட்டு ஸ்டார்ட் பண்ணி, அந்தக் கிளாஸ் பேரை லாக்ல தேடினா எந்த ஜார்ன்னு ஃபைல் பாதையோடவே இருக்கும்.

அப்புறம் சர்வரைப் பொறுத்து மருந்து மாறும். வெப்லாஜிக்ல வெப்லாஜிக் டாட் எக்ஸ்எம்எல்ல ப்ரிஃபர் வெப்-இன்ஃப் கிளாஸஸ் ட்ரூன்னு வைங்க, இயர் ஃபைல்னா (பல வாரை ஒன்னா கட்டினது) பேக்கேஜ் பேரைத் தனித்தனியா குறிப்பிட்டு ப்ரிஃபர் அப்ளிகேஷன் பேக்கேஜஸ் குடுக்கலாம், எனக்கு இந்த ரெண்டாவதுதான் பிடிக்கும், எதை மாத்தறோம்னு தெளிவா தெரியும். கிளாஸ் மோதலைக் காட்டறதுக்குன்னே வெப்லாஜிக்ல கேட்னு ஒரு கிளாஸ்லோடர் (கிளாஸை லோடு பண்ற பகுதி) அனாலிசிஸ் டூல் கூடவே இருக்கு. வெப்ஸ்ஃபியர்ல பேரண்ட் லாஸ்ட், அதாவது சர்வரோட ஜாருக்கு முன்னாடி வாருக்குள்ள இருக்கறதை எடுக்கச் சொல்ற செட்டிங். வைல்ட்ஃப்ளைல ஜேபாஸ்-டிப்ளாய்மெண்ட்-ஸ்ட்ரக்சர் ஃபைல் எழுதி சர்வர் தானா திணிக்கற மாட்யூலை எக்ஸ்க்ளூட் பண்ணணும்.

பேரண்ட் லாஸ்ட் போட்ட உடனே புதுசா ஒரு லிங்கேஜ் எர்ரர் வந்தா பயந்து பின்வாங்காதீங்க. லிப் ஃபோல்டர்ல ஜெர்சஸ், ஜாலன், எக்ஸ்எம்எல்-ஏபிஐஸ்னு பழைய எக்ஸ்எம்எல் ஜார் ஏதாவது இருக்கான்னு பாருங்க. அந்தக் காலத்துல ஜேடிகேல நல்ல பார்சர் இல்லன்னு போட்டது, இப்ப ஜேடிகேலயே இருக்கு, பெரும்பாலும் தூக்கிடலாம். சர்வ்லெட் ஏபிஐ, ஜேஎஸ்பி ஏபிஐ ஜாரும் அப்படித்தான், அது வாருக்குள்ள இருக்கவே கூடாது, பில்டு டூலான மேவன்ல ப்ரொவைடட் ஸ்கோப் (சர்வர் குடுக்கும்னு அர்த்தம்) குடுங்க.

ஜேபாஸ் (வைல்ட்ஃப்ளையோட பழைய பேரு) 4-ல இருந்து வர்றவங்களுக்கு இதுக்கு நேர் எதிரான பிரச்சனை வரும். அங்க எல்லா அப்ளிகேஷனும் ஒரே கிளாஸ் குவியலைப் பகிர்ந்துக்கும், அதனால ஏ அப்ளிகேஷன் தனக்கே தெரியாம பி-யோட ஜாரை உபயோகிச்சுட்டு இருந்திருக்கும். 2011-ல வந்த ஜேபாஸ் ஏஎஸ் 7-ல இருந்து ஒவ்வொன்னும் தனித்தனி அறை. கிளாஸ் காணோம்னு வந்தா பழைய சர்வர்ல பக்கத்துல என்ன அப்ளிகேஷன் ஓடிட்டு இருந்துச்சுன்னு பாருங்க.

டேட்டாசோர்ஸ் பேர் கிடைக்கல, இல்ல லோடு வந்தா தொங்குது

நேம் நாட் ஃபவுண்ட்னா கோடுல இருக்கற பேரும் சர்வர்ல பதிஞ்ச பேரும் பொருந்தல. ஜேபாஸ் வகை சர்வர்ல ஜாவா ஜேபாஸ் டேட்டாசோர்ஸஸ்னு முன்னொட்டு வரும், கோடு காம்ப் என்வ்னு தேடும். கோடை மாத்தாம வெப் டாட் எக்ஸ்எம்எல்ல ரிசோர்ஸ் ரெஃப் எழுதி, அந்தந்த சர்வரோட டிஸ்க்ரிப்டர்ல அதை நிஜப் பேரோட கோத்து விடுங்க. டாம்கேட்ல கனெக்ஷன் பூலை சர்வர் உருவாக்கறதா இருந்தா டேட்டாபேஸ் டிரைவர் ஜார் சர்வர் லிப்ல இருக்கணும், வாருக்குள்ள இருந்தா பத்தாது.

ரெண்டாவது அறிகுறி இன்னும் மோசம், ஏன்னா டெஸ்ட்ல தெரியவே தெரியாது. டாம்கேட் 7 கான்ஃபிக்ல மேக்ஸ்ஆக்டிவ் 100-னு இருக்கும், அப்படியே 8-க்கோ 9-க்கோ காப்பி பண்ணுவீங்க. டாம்கேட் 8-ல உள்ள இருக்கற கனெக்ஷன் பூல் லைப்ரரி டிபிசிபி 2, அதுல அந்தப் பேரு மேக்ஸ்டோட்டல்னு மாறிடுச்சு. உங்க 100 கணக்குலயே வராது, டீஃபால்ட் 8 கனெக்ஷன்தான். ஸ்டார்ட்டப் லாக்ல இதை வார்னிங்கா முழுசா எழுதியே வெச்சிருக்கும், யாரும் படிக்கறதில்ல. மேக்ஸ்வெயிட்டும் அப்படியே, இப்ப மேக்ஸ்வெயிட்மில்லிஸ். இதனால சர்வர் ஸ்லோன்னு மெஷின் மெமரியைக் கூட்டறவங்களைப் பாக்கும்போது கஷ்டமா இருக்கும், மாத்த வேண்டியது ரெண்டே ரெண்டு பேரு.

டேட்டாபேஸ் கனெக்ட் பண்ணும்போது ஹேண்ட்ஷேக் எர்ரர்

2021 ஏப்ரல் அப்டேட்ல இருந்து, அதாவது 8-ல அப்டேட் 291, 11-ல 11.0.11, டிஎல்எஸ் (கனெக்ஷனை என்கிரிப்ட் பண்ற முறை) 1.0-வும் 1.1-ம் டீஃபால்ட்டா மூடியாச்சு. பழைய டேட்டாபேஸ் சர்வர் 1.2 பேசாதுன்னா கனெக்ஷன் அறுந்துடும். சரியான வழி டேட்டாபேஸ் பக்கத்துல 1.2-வை இயக்கறது, டிரைவரையும் புதுசாக்கறது. ஜாவா டாட் செக்யூரிட்டி ஃபைல்ல டிசேபிள்ட் அல்காரிதம்ஸ் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாலும் ஓடும், ஆனா அது அந்த ஜேவிஎம்ல ஓடற எல்லாத்துக்கும் கதவைத் திறக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேஜ்ல டாலர் பிராக்கெட் அப்படியே தெரியுது

வெப் டாட் எக்ஸ்எம்எல்லோட மேல் வரியைப் பாருங்க, 2.3 டிடிடி இருக்கும். அந்த வெர்ஷனுக்கு எக்ஸ்பிரஷன் லாங்வேஜை ஆஃப் பண்ணி வைக்கணும்ங்கறது ஸ்பெக்கே சொல்ற விதி. 2.5-க்கு ஏத்துங்க, முடிஞ்சுது. மாத்தின அப்புறமும் பழசே தெரிஞ்சா டாம்கேட்டோட வொர்க் ஃபோல்டரை காலி பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

தமிழ் எழுத்து கேள்விக்குறியா வருது

யூஆர்எல்ல வர்றது உடைஞ்சா கனெக்டர்ல யூஆர்ஐ என்கோடிங், டாம்கேட் 8-க்கு முன்னாடி டீஃபால்ட் ஐஎஸ்ஓ 8859-1, 8-ல இருந்து யூடிஎஃப்-8. ஃபார்ம்ல போஸ்ட் பண்றது உடைஞ்சா கேரக்டர் என்கோடிங் ஃபில்டர் வெப் டாட் எக்ஸ்எம்எல்ல முதல் ஃபில்டரா இருக்கணும், முன்னாடி இருக்கற வேற ஃபில்டர் ஒரு பாராமீட்டரைப் படிச்சுட்டாலே அப்புறம் செட் பண்றது வீண். ஃபைல்ல இருந்து படிக்கறது உடைஞ்சா ஜாவா 18-ல டீஃபால்ட் யூடிஎஃப்-8 ஆனதை நினைச்சுப் பாருங்க, பழைய விண்டோஸ் என்கோடிங்ல சேமிச்ச ஃபைலா இருக்கும்.

முன்னாடி ஓடின லிங்க் இப்ப 400, இல்ல அப்பாச்சி வழியா 503

யூஆர்எல்ல சதுர அடைப்புக்குறி, செங்குத்துக் கோடு மாதிரி எழுத்து இருந்தா புது டாம்கேட் விடாது. கனெக்டர்ல ரிலாக்ஸ்ட் க்வெரி கேரக்டர்ஸ்ல தேவையான எழுத்தை மட்டும் சேருங்க. 503-ன்னா ஏஜேபி கனெக்டரைப் (அப்பாச்சி டாம்கேட்டோட பேசற வழி) பாருங்க. 2020-ல வந்த கோஸ்ட்கேட் பாதுகாப்புக் குறைக்கு அப்புறம் 9.0.31-ல இருந்து ஏஜேபி டீஃபால்ட்டா அணைஞ்சிருக்கும், திறந்தாலும் லூப்பேக் அட்ரஸ்ல (அதே மெஷினுக்குள்ள) மட்டும் கேக்கும், சீக்ரெட்டும் கட்டாயம். அப்பாச்சி பக்கமும் டாம்கேட் பக்கமும் ஒரே சீக்ரெட் வைங்க, அட்ரஸையும் எழுதுங்க. சீக்ரெட் வேணாம்னு ஆஃப் பண்ற வழியும் இருக்கு, தயவுசெஞ்சு அதை எடுத்துக்காதீங்க.

டிப்ளாய் ரொம்ப நேரம் இழுக்குது

வைல்ட்ஃப்ளைல 300 செகண்ட் ஆச்சுன்னு சொல்லி கைவிட்டா, டைம்அவுட்டைக் கூட்டறதுக்கு முன்னாடி அந்த நேரத்துல த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்க நிக்குதுன்னு காட்டறது) எடுங்க, ஜேஸ்டாக் போதும். ஜார் ஸ்கேன் பண்ணிட்டு நின்னா வெப் டாட் எக்ஸ்எம்எல்ல மெட்டாடேட்டா கம்ப்ளீட் ட்ரூ வைங்க, ஆனா அன்னோட்டேஷன் உபயோகிக்கற அப்ளிகேஷன்ல வெச்சா அந்த சர்வ்லெட் எல்லாம் போயிடும். செக்யூர் ரேண்டம்ல நின்னா மெஷின்ல என்ட்ரோபி (ரேண்டம் நம்பருக்கான மூலச் சரக்கு) போதல, யூரேண்டமுக்கு மாத்துங்க. சாக்கெட் ரீட்ல நின்னா ஸ்டார்ட்டப்லயே எதையோ வெளில கூப்பிட்டுட்டு இருக்கு, ஃபயர்வால் டீமைக் கேளுங்க.

ரெண்டு மூணு தடவை ரீடிப்ளாய் பண்ணா மெட்டாஸ்பேஸ் தீருது

மெட்டாஸ்பேஸ்ங்கறது ஜேவிஎம் கிளாஸ் விவரத்தை வைக்கற மெமரி, பழைய கிளாஸ்லோடரை யாரோ பிடிச்சுட்டு விட மாட்டேங்கறாங்க. நிறுத்தும்போது டாம்கேட் லாக்ல "த்ரெட் ஒன்னை ஸ்டார்ட் பண்ணுச்சு, ஆனா நிறுத்தல"னு த்ரெட் பேரோட எழுதும், அதுதான் ஆள். பெரும்பாலும் டைமர், குவார்ட்ஸ் ஷெட்யூலர், இல்லன்னா வாருக்குள்ள இருக்கற ஜேடிபிசி டிரைவர். கான்டெக்ஸ்ட் லிஸனர் ஒன்னு எழுதி டெஸ்ட்ராய்ல இதையெல்லாம் நிறுத்துங்க, டிரைவரை டீரெஜிஸ்டர் பண்ணுங்க. சோர்ஸ் இல்லன்னா ப்ரொடக்ஷன்ல ரீடிப்ளாய் பண்றதையே விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் சர்வரை முழுசா நிறுத்தி ஏத்துங்க, மெட்டாஸ்பேஸ் அளவைக் கூட்டறதால அடுத்த தடவை தீர்ற நேரம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.